லீவு நாள் மாத்திரை

என் வீட்டுக்காரருடைய இடது கையைத் தொட்டுப் பார்க்காமல் எங்கள் கடையை விட்டு எவனும் கிளம்ப மாட்டான். எனக்கு அதைப் பார்த்தாலே எரியும். வருகிறவன் போகிறவன் எல்லாம் கை வைக்க அது என்ன கோயில் மணியா?

சிதம்பரத்தில் காட்டுமன்னார்கோயில் போகிற ரோட்டில் எங்களுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. கரண்ட் தாழ்ந்து வந்து காயில் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களைச் சைக்கிள் கேரியரில் கட்டியும், டவுன் பஸ்ஸில் ஏற்றியும் கொண்டுவருவார்கள். இவர் பழைய கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து ஓடவிடுவார். பிறகு மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அந்த அதிர்வு அவருக்குப் பிடித்திருந்தால்தான் மோட்டார் வெளியே போகும். இல்லையென்றால் மறுபடியும் பிரிப்பார். வாசலில் நிற்கிற ஆளுக்குக் கோபம் வந்தாலும் கவலைப்பட மாட்டார். அவருக்கும் சேர்த்து நான்தான் சண்டை போட வேண்டும்.

2007 வாக்கில் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. பிரஷர். பல வருசமாக இருந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளவில்லை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள் வரும், விட்டுவிடுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்திலேயே டயாலிசிஸ். மற்ற நாள்களை அவர் லீவு நாள் என்பார். கடையில் உட்கார்ந்து முதுகு ஒடிய வேலை செய்கிற நாளுக்கு லீவு என்று பெயர் வைத்த ஒரே மனுஷன் அவர்தான்.

டயாலிசிஸ் என்றால் ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடுவது. அதற்கு ரத்தம் வேகமாக ஓட வேண்டும். கையில் மேலாகத் தெரிகிற பச்சை நரம்பில் அந்த வேகம் கிடையாது. அதனால் அந்த நரம்பை எடுத்து, உள்ளே ஓடுகிற தமனியோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் நரம்பு விரல் தண்டிக்குப் புடைத்துக்கொள்ளும். ஊசி அதில்தான். அதற்குப் பிஸ்டுலா என்று பெயர். அதன் மேல் கை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓயாமல் ஓர் அதிர்வு இருக்கும். காதை வைத்தால் தூரத்தில் பம்புசெட் ஓடுகிற மாதிரி கேட்கும்.

முதல் பிஸ்டுலாவை மணிக்கட்டில் போட்டார்கள். ஊசி போடுகிற பருவத்துக்கு வருவதற்குள்ளேயே உள்ளே ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டது. இரண்டாவதை முழங்கை மடிப்பில் போட்டவர் கடலூரில் இருக்கிற ஒரு டாக்டர். அவருடைய பேச்சு எனக்குப் பிடிக்கும். சுற்றி வளைக்க மாட்டார்.

“இந்தக் கையில இனிமே எடம் இல்லம்மா” என்றார். “இதுவும் அடைச்சிச்சின்னா அடுத்தது வலது கைதான்.”

“வலது கை அவரு காயில் கட்டுற கை சார்.”

“தெரியும். அதுக்குத்தான் சொல்றேன். அந்தக் கையில பிஸ்டுலா போட்டா அவரு மோட்டாரத் தூக்க முடியாது, கம்பிய இழுக்க முடியாது. இந்தக் கையக் காப்பாத்துங்க.”

கை போனால் கடை போகும். கடை போனால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு எப்படியோ வழி பண்ணிவிடுவேன். ஆனால் வேலை இல்லாமல் அந்த மனுஷனை ஒரு வாரம் வீட்டில் வைத்திருக்க என்னால் ஆகாது, அவராலும் ஆகாது.

ரத்தம் கட்டாமல் இருக்க டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். ஆஸ்பிரின்தான், தலைவலிக்குப் போடுகிறதே, அதிலேயே சின்ன அளவு. ரத்தத்தில் தட்டணுக்கள் இருக்கின்றன, அவை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டால் கட்டியாகும், இந்த மாத்திரை அவற்றை ஒட்டவிடாது என்று சொன்னார். “புதுசா தெச்ச பிஸ்டுலாவுக்கு ஒதவும். ஆனா இதப் போட்டா அடைக்கவே அடைக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். அடிபட்டா ரத்தம் நிக்க நேரமாவும், பாத்துக்குங்க. தெனமும் சாப்புட்டதுக்கு அப்புறம் ஒன்னு.”

தினமும் இட்லித் தட்டை எடுக்கும்போது மாத்திரையை அவர் உள்ளங்கையில் நானே வைப்பேன். வைத்துவிட்டு அடுப்புக்குப் போய்விடுவேன். ராத்திரி படுக்கும் முன் கையில் காதை வைத்துக் கேட்பேன். ஓடினால் தூங்குவேன்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு அவர் சவரம் செய்துகொள்வது ஒரு கூத்தானது. ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், பஞ்சை ஒட்டிக்கொண்டு காலை முழுக்க உட்கார்ந்திருப்பார். கடலூர் பக்கம் குடிகாட்டிலிருந்து என் தம்பி வருவான். அங்கே ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர் வேலை அவனுக்கு. வந்ததும் அவர் தாடையைப் பார்ப்பான்.

“என்னா மாமா, பஞ்சுமிட்டாய் வியாபாரம் ஆரம்பிச்சிட்டியா?”

“ஆமாம் மச்சான். ஒங்க அக்காகிட்ட வாங்குன அடிக்கு மருந்து போட்டுருக்கேன்னு ஊருக்குள்ள சொல்லாத.”

தாடி வளர்த்துக்கொள்ளச் சொன்னேன். வளர்த்தார். சாமியார் மாதிரி ஆனார். நாலு பேர் கடையில் வந்து ஜாதகம் பார்ப்பீர்களா என்று கேட்ட பிறகு எடுத்துவிட்டார்.

கையைத் தொடுகிற பழக்கத்தை ஆரம்பித்து வைத்ததும் இவர்தான். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வருவார். எங்களைவிட மூத்தவர், பழைய வாடிக்கை. அவருடைய மோட்டார் வருசத்துக்கு இரண்டு தடவையாவது எரியும். கை ஏன் புடைத்திருக்கிறது என்று அவர் கேட்டார். இவர் விளக்கம் சொல்லாமல், “தொட்டுப் பாருங்க” என்று நீட்டினார்.

தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்தார்.

“அட! ஓடுது மேஸ்திரி!”

“ஒன்னரை எச்பி மோட்டாரு.”

“எங்க ஊர்ல த்ரீ பேஸ் கரண்டு எப்ப வருது எப்ப போவுதுன்னே தெரியல. ஒங்கைல நாள் பூரா வருதே. ஒரு ஒயரு குடு, என் கொல்லைக்கி இழுத்துக்குறேன்.”

அவ்வளவுதான். அடுத்து வந்தவன் கேட்டான், அதற்கடுத்து வந்தவனும் கேட்டான். பிறகு அது வழக்கமாகவே ஆகிவிட்டது. மோட்டாரை இறக்கி வைப்பார்கள், மேஸ்திரி கையில் கை வைப்பார்கள், “ஓடுது” என்பார்கள், அதன் பிறகுதான் பேச்சு. கிரீஸ் கை, சேற்றுக் கை, உரம் போட்ட கை. ஊசி குத்துகிற இடத்தில் அழுக்கு படக்கூடாது என்று ஆஸ்பத்திரி சிஸ்டர் தலைதலையாக அடித்துக்கொள்கிறார், இங்கே இவர் கையைச் சந்தையில் வைத்திருக்கிறார். நான் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தேன். “தொடுறதுன்னா கழுவிட்டுத் தொடுங்க. இல்லாட்டி மோட்டாரத் தூக்கிட்டு நடையக் கட்டுங்க” என்றேன். முறைத்தார்கள். ஆனாலும் கழுவினார்கள். அந்தக் கடையில் என் பேச்சு அப்படித்தான் எடுபடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிகிற நேரத்தில் அவருக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. தண்ணீர் அதிகம் குடித்துவிட்டுப் போயிருந்தார், அதனால் உடம்பில் சேர்ந்த தண்ணீரை அதிகம் எடுக்க வேண்டியதாகிவிட்டது. துவண்டுபோய் வீட்டுக்கு வந்தார். ராத்திரி காதை வைத்தேன், ஓடிக்கொண்டிருந்தது. திட்டிவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் அந்தக் காட்டுமன்னார்கோயில் விவசாயி எரிந்த மோட்டாரோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். வாளியில் கையைக் கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டு இவர் கையில் வைத்தார். நான் உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னா மேஸ்திரி, இன்னிக்கி கரண்டு கட்டா?”

இவர் சிரித்தார். எனக்குத் தோசைக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அப்படியே வெளியே வந்து இவர் கையைப் பிடித்துக் காதை வைத்தேன். பம்புசெட் சத்தம் இல்லை. டக், டக் என்று ஏதோ ஒன்று உள்ளே முட்டுகிற மாதிரி மட்டும் இருந்தது.

இவர் தன் வலது உள்ளங்கையை இடது கையின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மோட்டாருக்குச் செய்கிற மாதிரியேதான். கண்ணைத் திறந்து என்னைப் பார்க்காமல் சொன்னார்: “மெதுவா ஓடுது.”

“ஓடல. எங்கிட்டப் பொய் சொல்லாத மாமா.”

“கொஞ்ச நேரம் பாக்கலாம்.”

“ஒரு நிமிசம்கூடப் பாக்க முடியாது. எந்திரி.”

விவசாயி அதற்குள் என் வீட்டுக்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “வெளக்கெண்ண இருக்குதா தங்கச்சி? லேசா சூடு பண்ணி நீவி வுட்டா...”

“நீவுன கைய ஒடிச்சிப்புடுவேன் அண்ணே!”

டயாலிசிஸ் சிஸ்டருக்குப் போன் போட்டேன். கையைத் தேய்க்காதீர்கள், அமுக்காதீர்கள், இங்கே வந்து நேரத்தைக் கெடுக்காமல் தைத்த டாக்டரிடமே நேராகப் போங்கள், கட்டி புதிதாக இருக்கும்போதே எடுத்தால் கையைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது என்றார். அடுப்பை அணைத்தேன். கடையைப் பூட்டினேன். விவசாயியின் மோட்டார் கடைக்குள், விவசாயி வெளியே.

“நீங்க ஊருக்குப் போங்க அண்ணே.”

“நான் எங்க போறது? நான்தான மொதல்ல பாத்தேன். இத இப்புடியே வுட்டுட்டுப் போனா எனக்குச் சோறு எறங்குமா? வர்றேன்.”

மூன்று பேரும் கடலூர் பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது, ஆனால் நிற்கிற கூட்டம் மேலே சாய்ந்தது. விவசாயி எழுந்து இவர் தோளுக்குப் பக்கத்தில் அணை கட்டின மாதிரி நின்றுகொண்டார். “தள்ளி நில்லுப்பா, கைல மோட்டார் இருக்குது” என்று ஒருவனிடம் சொன்னார். அவன் இவர் மடியைப் பார்த்தான், காலுக்குக் கீழே குனிந்து பார்த்தான், மோட்டாரைக் காணாமல் விவசாயியைப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுப் பக்கம் நகர்ந்துபோனான். இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வலது கையால் இடது கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த வலது கையைத்தான் நான் பார்த்துக்கொண்டு போனேன்.

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த தம்பி, நான் போன் போட்டதும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். பனியனைத் திருப்பிப் போட்டிருந்தான்.

டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

“கடைசியா எப்ப ஓடுச்சி?”

“நேத்து டயாலிசிஸ்ல பிரஷர் எறங்கிடுச்சி சார். ஆனா ராத்திரி ஓடுச்சி. நானே காதை வெச்சிக் கேட்டேன்.”

“நல்ல வேள, சீக்கிரம் வந்தீங்க. மாத்திரை தெனமும் போடுறாரா?”

“எங்கையால எடுத்து அவரு கையில குடுக்குறேன் சார். ஒரு நாள்கூட வுட்டதில்ல” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

இவர் தொண்டையைக் கனைத்தார். “செவ்வா, வெள்ளி போட்டுடுவேன் சார்.”

“மத்த நாளு?”

“மத்த நாளு லைன் ஆப்புலதான இருக்கு? டயாலிசிஸ் அன்னிக்கித்தான் லோடு. ஓடுற அன்னிக்கி ஆயில் வுட்டாப் போதும்னு...”

டாக்டர் என்னைப் பார்த்தார். என் தம்பி சுவரைப் பார்த்தான். விவசாயி மட்டும், “அதுவும் ஞாயந்தான” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

“யோவ்” என்றேன். கட்டின நாளிலிருந்து அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. “லீவு நாளுல கடைக்கி வர்றவன் எல்லாம் கைய வெச்சி ஓடுது, ஓடுதுன்னு சொல்றானே, அது என்னா ஓடுது? லைன் ஆப்புன்னா எப்புடி ஓடும்? மோட்டார் முதுகுல கைய வெச்சே கெட்ட பேரிங் எதுன்னு சொல்ற ஆளுக்கு இது தெரியாதா?”

அவர் நகத்து இடுக்கில் இருந்த கிரீஸைச் சுரண்டினார்.

“வயிறு எரிஞ்சிது” என்றார் கடைசியில். “தெனமும் போட்டா நெஞ்சு வரைக்கும் எரியுது. அதான் கொறச்சிப் பாத்தேன்.”

“அத எங்கிட்டச் சொன்னா என்னா?”

“சொன்னா நீ கத்துவ.”

“இப்ப மட்டும் என்ன பாட்டா பாடுறேன்?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னார்: “வயிறு எரிஞ்சா அதுக்கு வேற மருந்து இருக்கு, வந்து சொல்லணும். நீங்களா கொறைக்கக் கூடாது. இதனாலதான் அடைச்சிச்சின்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நேத்து பிரஷர் எறங்கியிருக்கு. கையில சாஞ்சி படுத்திருப்பீங்க. எல்லாம் சேந்ததுதான். ஆனா இருக்குற ஒரு தடுப்பையும் நீங்களே எடுத்துட்டீங்க.”

கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள். சின்னதாக வெட்டி, நுனியில் பலூன் வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு, பலூனை ஊதி, வெளியே இழுப்பார்களாம். கட்டியும் கூடவே வந்துவிடுமாம். நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்தோம். தம்பி டீ வாங்கிவந்தான். விவசாயி அவருடைய டீயையும் குடித்துவிட்டு, நான் தொடாமல் வைத்திருந்ததையும் எடுத்துக் குடித்தார். “ஆறிப்போவுது தங்கச்சி” என்றார். அன்றைக்கு அந்த மனுஷன் மேல் கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை.

உள்ளேயிருந்து முதலில் கேட்டது இவருடைய குரல்தான்.

“அதக் காட்டுங்க சார். பாத்தே ஆவணும்.”

பிறகு எங்களிடமும் சொன்னார். மண்புழு மாதிரி கருஞ்சிவப்பாக ஒன்று கிண்ணத்தில் கிடந்ததாம். “கெணத்துத் தண்ணிக்குள்ள கெடக்குற புட்வால்வுல பாசி சுத்திக்குமே, அதே மாதிரிதான் மச்சான். அதக் கழட்டி எறிஞ்சாத் தண்ணி வராம என்னா பண்ணும்?” கிணற்றுக்குள் இறங்கிவிட்டு வந்த ஆள் மாதிரி அவ்வளவு உற்சாகம்.

டாக்டர் வெளியே வந்து, “ஓடுது. தொட்டுப் பாருங்க, கட்டுக்கு மேல, மெதுவா” என்றார்.

எனக்கு முன்னால் விவசாயி எழுந்துவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். “கைய கழுவிட்டு வாங்க அண்ணே.” அவர் கழுவப் போன நேரத்தில் நான் தொட்டேன். விர்ரென்று இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்க மறுபடியும் திட்ட ஆரம்பித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, லீவு நாள் மாத்திரையெல்லாம் எங்கே போயின என்பது. பழைய பேரிங் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். திருகாணி, வாஷர், நடுவில் என் மாத்திரைகள், கிரீஸ் பூசி.

“ஸ்பேர் இருந்தா நல்லதுன்னு வெச்சேன்.”

மாத்திரையை மட்டும் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். நல்ல சாமானை எறிகிறாளே என்று முகத்தைச் சுளித்தார். டாக்டர் புதிதாக எழுதியிருந்த வயிற்று மாத்திரையையும் சேர்த்து, இரண்டாகத் தினமும் என் கண் எதிரே விழுங்க வேண்டும், வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்றேன். அடுப்பில் என்ன கருகினாலும் சரி, விழுங்கும் வரை நகர்வதில்லை. எரிச்சல் நின்றது. அதன் பிறகு அவருக்கும் சாக்கு இல்லை.

ஆனால் எனக்கு வேறு ஒரு யோசனையும் வந்தது. நாள் முழுக்க நான் ஒருத்தி எத்தனை தடவை கை வைத்துப் பார்க்க முடியும்? இந்தக் கடைக்கு வருகிறவர்கள்தான் மோட்டாரைத் தொட்டே பழகியவர்கள் ஆயிற்றே. இத்தனை நாளாக அவர்களை விரட்டிய அதே வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். “கைய கழுவிட்டு மேஸ்திரியத் தொட்டுப் பாரு. மாத்திரை போட்டாரான்னும் கேளு. கேக்காம மோட்டார எறக்காத.” வாளிக்குப் பக்கத்தில் ஒரு துண்டும் தொங்கவிட்டேன்.

முதல் வாரத்தில் இவர் பொறுத்துக்கொண்டார். அடுத்த வாரம் என்னிடம் வந்து புலம்பினார். “மோட்டார் என்னா ஆச்சின்னு நான் கேட்டா, மாத்திரை என்னா ஆச்சின்னு அவன் கேக்குறான். இது கடையா, ஆஸ்பத்திரியா?”

“கடைதான் மாமா. இப்ப நீதான் சரக்கு.”

காட்டுமன்னார்கோயில் விவசாயியின் மோட்டாருக்கு வலது கையாலேயே காயில் சுற்றினார். இடது கையில் தையல் ஆறும் வரை பாரம் தூக்கக்கூடாது என்பதால் தம்பி வந்து தூக்கிக்கொடுத்தான். அந்த மோட்டார் மறுபடியும் எரியவில்லை. எரியாவிட்டால் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். ஒரு புதன்கிழமை, கையில் மோட்டார் இல்லாமல், ஒரு பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். பை நிறைய வாழைப்பழம், அவர் கொல்லையில் காய்த்தது.

“வாழப்பழமா! கிட்னி போனவரு இதத் தின்னக் கூடாது அண்ணே. பொட்டாசியம்.”

“அப்புடின்னா நீ தின்னு.” பையை என் கையில் திணித்துவிட்டு வாளிப் பக்கம் போனார். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். துண்டில் துடைத்தார். இவர் கம்பி சுற்றுவதை நிறுத்தாமல் இடது கையை மட்டும் நீட்டினார். விவசாயி கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார், பெரிய மெக்கானிக் மாதிரி.

“ஓடுது தங்கச்சி.”

“தெரியும். காலையிலயே கேட்டுட்டேன்.”

“அப்பறம் என்னாத்துக்கு என்னயும் கழுவ வெக்கிற?”

“அன்னிக்கி எனக்கு முன்னாடி நீங்கதான பாத்தீங்க?”

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பினார். “மேஸ்திரி, இன்னிக்கி லீவு நாளு. மாத்திரை போட்டியா?”

இவர் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துவிட்டு, வாயை அகலமாகத் திறந்து அவருக்கும் காட்டினார்.